பழைய ஹாலிவுட் குற்றப் படங்களில் யாருக்கு இடம் இருந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதை முடிவுகளை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். முடிவு தெரியாமல் படம் பார்க்க விரும்புகிறவர்கள் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போய்விடலாம்.

எந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

1940களிலும் 50களிலும் ஹாலிவுட் எடுத்துத் தள்ளிய கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்கள். நனைந்த தெரு, சுவரில் விழும் ஜன்னல் கம்பி நிழல், சிகரெட் புகை, பணத்துக்கோ பெண்ணுக்கோ ஆசைப்பட்டு அழிந்துபோகும் ஒருவன். 1946இல் நீனோ ஃபிராங்க் என்ற பிரெஞ்சு விமரிசகர் இவற்றை ‘ஃபிலிம் நுவார்’ என்று குறிப்பிட்டார், பெயர் நிலைத்துவிட்டது. 1941இல் வந்த ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ தொடங்கி 1958இல் வந்த ‘டச் ஆஃப் ஈவில்’ வரை என்பது வழக்கமான கணக்கு. தேவைப்பட்ட இடத்தில் இந்த எல்லையை மீறியிருக்கிறேன்.

இந்தப் படங்களில் எல்லோரும் வெள்ளையர்கள்தானே?

முன்வரிசையில் அப்படித்தான். ஓரங்களைப் பார்த்தால் வேறு கதை. கார் கழுவுகிறவர், ரயிலில் பெட்டி தூக்குகிறவர், வீட்டு வேலைக்காரி, ஹோட்டல் பாடகி என்று கறுப்பினத்தவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அரை நிமிடம் வந்து போகும் இவர்கள் கையில்தான் பல சமயம் கதையின் முடிச்சு இருக்கிறது.

‘டபுள் இண்டெம்னிட்டி’ (1944) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு வால்டர் நெஃப் கொலை செய்யக் கிளம்புவதற்கு முன் தன் காரைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் விட்டு, கழுவி வைக்கும்படி சார்லியிடம் சொல்கிறான். இன்று இரவு வெளியே போகப்போவதில்லை என்றும் சொல்லிவைக்கிறான். கொலையை முடித்துத் திரும்பியதும் மறுபடி சார்லியின் கண்ணில் படும்படி இறங்கி வந்து, மாலை முழுக்க மேலே வேலை பார்த்ததாகவும் பசிக்கிறது என்றும் பேச்சுக் கொடுக்கிறான். வெள்ளைக்கார ஏஜெண்டின் மொத்தப் பாதுகாப்பும் ஒரு கறுப்பினத் தொழிலாளி தன்னைப் பார்த்ததாகச் சொல்வதில் அடங்கியிருக்கிறது! அந்த வேடத்தில் நடித்த சாம் மெக்டேனியலின் பெயர் டைட்டிலில் இல்லை.

‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’ (1947) இன்னும் சுவாரசியம். ஓடிப்போன கேத்தியைத் தேடும் துப்பறிவாளன் ஜெஃப், அவளிடம் வேலை பார்த்த யூனிஸைப் பார்க்கக் கறுப்பின மக்கள் கூடும் ஒரு ஜாஸ் விடுதிக்குப் போகிறான். யூனிஸாக நடித்தவர் தெரேசா ஹாரிஸ். வாழ்நாள் முழுக்க வேலைக்காரி வேடமே கிடைத்தவர் இங்கே நல்ல உடையில், தன் நண்பரோடு, தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். விசாரிக்க வந்தவன்தான் விருந்தாளி. கேத்தி புளோரிடா போனதாக யூனிஸ் சொல்கிறார். தடுப்பூசி போட்டு அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது பேச்சுவாக்கில் வெளியே வருகிறது. புளோரிடா போக எதற்குத் தடுப்பூசி? மெக்சிகோவாகத்தான் இருக்கவேண்டும் என்று ஜெஃப் கண்டுபிடிக்கிறான். படத்தின் மீதிக் கதை முழுவதும் அந்த ஒரு வார்த்தையிலிருந்து கிளம்புகிறது. தெரேசா ஹாரிஸின் பெயரும் டைட்டிலில் கிடையாது.

இப்படி ஓரம் கட்டியதற்கு விதி ஏதாவது இருந்ததா?

இருந்தது. ஸ்டூடியோக்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்ட தயாரிப்பு நெறிமுறை 1930இல் எழுதப்பட்டு, 1934இலிருந்து ஜோசஃப் பிரீன் தலைமையில் கறாராக அமலானது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உறவைக் காட்டக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். 1956இல்தான் அந்த வரியை எடுத்தார்கள். நெறிமுறையே 1968இல் போய், வயது வாரியான தரச் சான்று வந்தது.

விதியைவிடப் பெரிய காரணம் வசூல் என்பது என் எண்ணம். இன ஒதுக்கல் நிலவிய அமெரிக்கத் தென் மாநிலங்களின் தியேட்டர்களை இழக்க எந்த ஸ்டூடியோவும் தயாராக இல்லை. அங்கே மெம்ஃபிஸ் நகரத் தணிக்கைக் குழுவை 1928 முதல் 1955 வரை ஆண்ட லாய்ட் பின்ஃபோர்ட், கறுப்பின நடிகர்கள் கௌரவமாக வரும் காட்சிகளை வெட்டுவதில் பேர்போனவர். 1947இல் வெள்ளைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பதற்காக ஒரு நகைச்சுவைப் படத்தையே தடை செய்தார். அதனால் கறுப்பினப் பாடகிகள் வரும் பாட்டுகளைக் கதையோடு ஒட்டாத துண்டுகளாக எடுப்பது வழக்கமானது. கத்தரித்தாலும் கதை கெடாது. பல படங்களில் திடீரென்று ஒரு பாட்டு வந்து, கதையைத் தொடாமல் போய்விடுவதை அடுத்த முறை கவனியுங்கள்.

வெள்ளை நடிகர்கள் நிறம் பூசிக்கொண்டு நடித்தார்களாமே?

ஆமாம், வெட்கமே இல்லாமல். ஹவாய் தீவின் சீனத் துப்பறிவாளர் சார்லி சானாக நடித்த வார்னர் ஓலண்ட் சுவீடனில் பிறந்தவர். அவருக்குப் பின் வந்த சிட்னி டோலர், ரோலண்ட் வின்டர்ஸ் இருவரும் வெள்ளையர்களே. ஜப்பானிய உளவாளி மிஸ்டர் மோட்டோவாக வந்தவர் பீட்டர் லோரே. மிஸ்டர் வாங் என்ற சீனத் துப்பறிவாளராக ஐந்து படங்களில் நடித்தவர் போரிஸ் கார்லாஃப். இவற்றில் ஒரு வினோதம்: சார்லி சானின் மகன்களாக நடித்தவர்கள் உண்மையான சீன அமெரிக்கர்கள். ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒப்பனை, பிள்ளைக்கு இல்லை.

அதிகம் வாதாடப்படும் படம் ‘டச் ஆஃப் ஈவில்’. சார்ல்டன் ஹெஸ்டன் முகத்தில் பழுப்புச் சாயமும் மீசையுமாக மெக்சிகோ அதிகாரி வர்காஸாக வருகிறார். பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூல நாவலில் நாயகன் வெள்ளை அமெரிக்கன், மனைவிதான் மெக்சிகோக்காரி. இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் அதைத் தலைகீழாக்கி நேர்மையான அதிகாரியை மெக்சிகோக்காரர் ஆக்கினார். பொய்ச் சாட்சியம் வைத்து மெக்சிகோ இளைஞனைச் சிக்கவைக்கும் அமெரிக்கப் போலீஸ் கேப்டன் வேடத்தைத் தானே எடுத்துக்கொண்டார். எழுத்தில் காட்டிய துணிச்சலை நடிகர் தேர்வில் கோட்டைவிட்ட படம் என்று சொல்வேன்.

மெக்சிகோ நடிகர்களுக்கு நல்ல வேடமே கிடைக்கவில்லையா?

ரிக்கார்டோ மான்டல்பானுக்குக் கிடைத்தது. ‘பார்டர் இன்சிடென்ட்’ (1949) படத்தில் எல்லை தாண்டிக் கூலி வேலைக்கு வரும் மெக்சிகோ விவசாயிகளைக் கொன்று கொள்ளையடிக்கும் கும்பலை இரு நாட்டு அதிகாரிகள் மாறுவேடத்தில் பின்தொடர்கிறார்கள். கடைசியில் உயிரோடு மீள்கிறவர் மெக்சிகோக்காரர். அமெரிக்க அதிகாரியை வயலில் டிராக்டர் கலப்பையை ஏற்றிக் கொல்கிறார்கள். அந்தக் காலத்துப் படமா என்று திகைக்கவைக்கும் காட்சி. அடுத்த வருடமே ‘மிஸ்டரி ஸ்ட்ரீட்’ படத்தில் மான்டல்பான் மாசசூசெட்ஸ் போலீஸ் துப்பறிவாளர். அவர் பேசும் சாயலை வைத்தே ‘நீ இங்கே புதுசு’ என்கிற தொனியில் நடத்துகிறான் பணக்காரக் குற்றவாளி. அவர் அசராமல் வேலையைப் பார்க்கிறார்.

ஐடா லுபினோ இயக்கிய ‘தி ஹிட்ச் ஹைக்கர்’ (1953) படத்தையும் இங்கே சேர்க்கவேண்டும். மெக்சிகோவுக்குள் நடக்கும் கதையில் அந்த ஊர்க்காரர்கள் ஸ்பானிஷ் பேசுகிறார்கள், கீழே மொழிபெயர்ப்பு ஓடுவதில்லை. துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கக் கொலைகாரனுக்கு மட்டும் ஒன்றும் விளங்காமல் எரிச்சல் வருகிறது. அவனைப் பிடிப்பது மெக்சிகோ போலீஸ்.

ஆசிய நடிகர் நாயகனாக வந்த படம் உண்டா?

கையளவுதான். கார்லாஃப் நடித்துவந்த மிஸ்டர் வாங் வேடம் 1940இல் ‘ஃபேன்டம் ஆஃப் சைனாடவுன்’ படத்தில் கீ லூக்கிடம் வந்தது. சார்லி சானின் மூத்த மகனாக நடித்துக்கொண்டிருந்தவர்! அதற்கு முன் 1937இல் ‘டாட்டர் ஆஃப் ஷாங்காய்’ படத்தில் அன்னா மே வாங்கும் பிலிப் ஆனும் சேர்ந்து ஆள் கடத்தும் கும்பலைப் பிடிக்கிறார்கள். முடிவில் திருமணப் பேச்சும் உண்டு. இருவருமே ஆசிய அமெரிக்கர்கள் என்பதால் தணிக்கைக்கு ஆட்சேபம் இல்லை. அதே அன்னா மே வாங் 1949இல் ‘இம்பாக்ட்’ படத்தில் பணிப்பெண்ணாகத் திரும்பி வந்தார்.

நான் மிகவும் மதிக்கும் படம் சாமுவேல் ஃபுல்லரின் ‘தி கிரிம்சன் கிமோனோ’ (1959). லாஸ் ஏஞ்சலீஸ் போலீசில் ஜோ, சார்லி என்று இரண்டு துப்பறிவாளர்கள். கொரியப் போரில் ஒன்றாக இருந்தவர்கள், ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள். ஜோ ஜப்பானிய அமெரிக்கர், நடித்தவர் ஜேம்ஸ் ஷிகேடா. வழக்கு விசாரணையில் சந்திக்கும் வெள்ளைக்காரப் பெண்மீது இருவருக்கும் காதல் வருகிறது. அவள் ஜோவை விரும்புகிறாள். கெண்டோ என்ற ஜப்பானிய வாள்வீச்சுப் போட்டியில் ஜோ நண்பனை மூர்க்கமாக அடிக்கிறார், பிறகு காதலைச் சொன்னபோது சார்லியின் முகத்தில் தெரிந்த வெறுப்பு இன வெறுப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார். படம் சொல்வது வேறு: சார்லிக்கு வந்தது சாதாரணப் பொறாமை.

இதை ஏற்காத விமரிசனங்களும் உண்டு. இன வெறுப்பை ஜோவின் மனப்பிரமை ஆக்கிவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். நியாயம் இருக்கிறது. ஆனால் வாழ்நாள் முழுக்க ஒதுக்கப்பட்ட ஒருவனுக்கு எந்தப் பார்வையையும் சந்தேகமில்லாமல் எடுத்துக்கொள்ள முடியாது என்பதை அன்றைக்கு வேறு எந்தக் குற்றப் படமும் இவ்வளவு நெருக்கமாகத் தொடவில்லை. கடைசியில் லாஸ் ஏஞ்சலீஸின் ஜப்பானியக் குடியிருப்பான லிட்டில் டோக்கியோவின் தெருத் திருவிழா நடுவே ஜோ அவளை முத்தமிடுகிறார். அதை எப்படி விற்பது என்று ஸ்டூடியோவுக்குத்தான் தெரியவில்லை. அமெரிக்கப் பெண் ஜப்பானிய இளைஞனின் கைகளில் என்று விளம்பரம் அலறியது, ஜோ அமெரிக்கரே இல்லை என்பதுபோல.

ஜப்பானோடு போர் மூண்டபின், 1942இல் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரைத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பினார்கள். லிட்டில் டோக்கியோ காலியானது. அதே ஊரில், அதே ஆண்டுகளில் எடுத்த பெரும்பாலான குற்றப் படங்களில் இதைப் பற்றி மூச்சே இல்லை. ‘பேட் டே அட் பிளாக் ராக்’ (1955) அந்த மௌனத்தையே கதையாக்கியது. போரில் ஒரு கையை இழந்த வெள்ளை அமெரிக்கர், தன் உயிரைக் காப்பாற்றி இறந்த வீரனின் பதக்கத்தை அவன் தந்தை கோமோகோவிடம் கொடுக்க ஒரு பாலைவன ஊருக்கு வருகிறார். ஊரே வாய் திறக்க மறுக்கிறது. கோமோகோவை அவர்கள் கொன்றிருக்கிறார்கள். படம் முழுவதும் ஒரு ஜப்பானிய முகம்கூடத் திரையில் வருவதில்லை. திட்டமிட்டுச் செய்ததா, வழக்கம்போல விட்டதா என்று வாதிடலாம். எனக்கு இரண்டும் கலந்தே தெரிகிறது.

கறுப்பின நடிகர்கள் நடுநாயகமாக வந்த படங்கள்?

ஹாலிவுட்டுக்கு வெளியே முதலில் பார்க்கவேண்டும். கறுப்பின ரசிகர்களுக்கென்றே தனியாக எடுக்கப்பட்ட படங்கள் இருந்தன. ஆஸ்கர் மிஷோ 1935இல் ‘மர்டர் இன் ஹார்லெம்’ எடுத்தார். 1937இல் ரால்ஃப் கூப்பர் ‘டார்க் மன்ஹாட்டன்’ படத்தில் தாதாவாகவே வந்தார். பணம் குறைவு, செட் ஆட்டம் காணும். ஆனால் போலீஸ், திருடன், வக்கீல், காதலி எல்லோரும் கறுப்பினத்தவர்கள். ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ நாவலை அமெரிக்காவில் எடுக்க வழியில்லாமல் அர்ஜென்டினாவில் எடுத்தார்கள், 1951இல் வெளியானது. நாற்பது வயதைத் தாண்டிய ரைட்டே இருபது வயது நாயகனாக நடித்தார். நடிப்பு சுமார்தான்.

ஹாலிவுட்டில் ‘நோ வே அவுட்’ (1950) திருப்புமுனை. இளம் டாக்டராக சிட்னி புவாட்டியே, தன் தம்பியை டாக்டர் கொன்றுவிட்டதாகக் கத்தும் கொள்ளைக்காரனாக ரிச்சர்ட் விட்மார்க். டாக்டரின் வீடு, மனைவி, அம்மா, சாப்பாட்டு மேஜை என்று ஒரு கறுப்பினக் குடும்பத்தின் உள்ளே கேமரா போகிறது. வெள்ளைக் கும்பல் தாக்கவரும் என்று தெரிந்ததும் கறுப்பின மக்கள் முந்திக்கொண்டு தாக்குகிறார்கள். சிகாகோவில் படத்தை முதலில் தடுத்து வைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் இந்த வகையின் உச்சம் ‘ஆட்ஸ் அகெயின்ஸ்ட் டுமாரோ’ (1959). கறுப்பினப் பாடகரும் நடிகருமான ஹாரி பெலஃபான்டே தன் சொந்தக் கம்பெனி மூலம் தயாரித்து நடித்தார். கம்யூனிஸ்ட் சார்பு என்று ஸ்டூடியோக்கள் வேலை மறுத்த கறுப்புப் பட்டியலில் இருந்த ஏப்ரஹாம் பொலான்ஸ்கி எழுதினார், கறுப்பின நாவலாசிரியர் ஜான் கில்லன்ஸ் தன் பெயரைக் கொடுத்தார். பொலான்ஸ்கியின் பெயர் டைட்டிலுக்குத் திரும்ப 1990கள் வரை ஆனது.

திட்டத்தைக் கேளுங்கள். சின்ன ஊர் வங்கி. பூட்டிய பிறகு உள்ளே வேலை பார்ப்பவர்களுக்குக் காப்பியும் சாண்ட்விச்சும் கொண்டுவரும் கறுப்பினப் பணியாளுக்கு மட்டும் கதவு திறக்கும். அந்த ஆளுக்குப் பதில் பெலஃபான்டே தட்டோடு போனால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். மற்ற படங்கள் தெரியாமல் செய்துகொண்டிருந்ததை இந்தப் படம் கொள்ளைத் திட்டமாகவே மாற்றிவிட்டது! திட்டம் எங்கே உடைகிறது தெரியுமா? கார் சாவியைக் கறுப்பினக் கூட்டாளியிடம் கொடுக்க வெள்ளைக் கூட்டாளிக்கு மனம் வரவில்லை. சாவி மூன்றாம் ஆளிடம் போகிறது, அவர் குண்டடிபட்டுத் தெருவில் விழுகிறார். மற்ற இருவரும் எண்ணெய்க் கிடங்கின் மேல் ஒருவரையொருவர் சுட்டு, கிடங்கே வெடிக்கிறது. கரிக்கட்டையாகக் கிடக்கும் இரண்டு உடல்களில் எது யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த வெள்ளைக் கூட்டாளியாக நடித்தவர் ராபர்ட் ரையன். ‘பேட் டே அட் பிளாக் ராக்’ வில்லனும் அவர்தான். நிஜத்தில் இன ஒடுக்குமுறையை வெளிப்படையாக எதிர்த்தவர், திரையில் இனவெறியர்களாகவே நடித்துத் தீர்த்தார்.

மூலக் கதையில் இருந்தவர்களைப் படத்தில் மாற்றியது உண்டா?

நிறைய. ‘தி செட்-அப்’ (1949) குத்துச்சண்டைப் படத்துக்கு மூலம் 1928இல் வந்த ஒரு நெடுங்கவிதை. அதில் நாயகன் கறுப்பின வீரன். படத்தில் வெள்ளையன், மறுபடி ராபர்ட் ரையன். கறுப்பின நடிகர் ஜேம்ஸ் எட்வர்ட்ஸுக்கு ஓய்வறையில் உட்காரும் சக வீரன் வேடம் கொடுத்தார்கள்.

‘கிராஸ்ஃபயர்’ (1947) இன்னும் சிக்கலானது. நாவலில் கொல்லப்படுகிறவர் தன்பாலீர்ப்பாளர். அதை நெறிமுறை அனுமதிக்காது என்பதால் படத்தில் யூதர் ஆக்கினார்கள். விளைவாக யூத வெறுப்பைப் பற்றி முகத்துக்கு நேராகப் பேசிய படம் கிடைத்தது, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. ஒருவருக்கு இடம் கொடுக்க இன்னொருவரை எழுப்பிவிட்ட கதை. அதே வருடம் தயாரிப்பாளரும் இயக்குநரும் கம்யூனிஸ்ட் தொடர்பைத் தேடிய நாடாளுமன்றக் குழு விசாரணையில் சிக்கி, பிறகு சிறைக்கும் போனார்கள்.

தன்பாலீர்ப்புப் பாத்திரங்கள் அப்படியானால் இல்லவே இல்லையா?

சொல்லாமல் காட்டினார்கள். ‘மால்டீஸ் ஃபால்கன்’ படத்தில் பீட்டர் லோரே உள்ளே வருவதற்கு முன் அவருடைய வாசனை தோய்ந்த முகவரி அட்டை வருகிறது. பார்த்தவர்களுக்குப் புரிந்தது. பெரும்பாலும் இவர்கள் வில்லன்கள், கோழைகள் அல்லது கேலிப் பொருள். விதிவிலக்கு ‘தி பிக் காம்போ’ (1955): ஃபேன்டே, மிங்கோ என்ற இரண்டு அடியாட்கள் ஒரே அறையில் தூங்குகிறார்கள், ஒருவரை விட்டு ஒருவர் பிரிவதில்லை. முதலாளி வைத்த வெடிகுண்டில் ஃபேன்டே சாக, மிங்கோ உடைந்து அழுகிறான். அந்தப் படத்திலேயே உண்மையான துக்கம் அதுதான்.

பெண்கள்?

திரையில் ஆளைக் கவிழ்க்கும் அழகிகள் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். திரைக்குப் பின்னால் ஜோன் ஹாரிசன் ‘ஃபேன்டம் லேடி’ (1944) படத்தைத் தயாரித்தார். அதில் முதலாளியை மரண தண்டனையிலிருந்து காப்பாற்ற அவருடைய காரியதரிசிப் பெண்ணே துப்பறிகிறாள். ‘தி பிக் ஸ்லீப்’ (1946) திரைக்கதையில் லீ பிராக்கெட்டுக்குப் பங்கு உண்டு. ‘லாரா’ படத்தின் மூல நாவல் வேரா காஸ்பரியுடையது. இவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரப் பெண்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

அந்தக் காலத்துப் படத்தை இன்றைய அளவுகோலால் அளப்பது சரியா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். எதிர்ப்பு அன்றைக்கே இருந்தது. கறுப்பினத்தவர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் நிர்வாகச் செயலாளர் வால்டர் வைட் 1942இல் ஹாலிவுட்டுக்கே போய், வேலைக்கார வேடங்களைத் தாண்டி எழுதுங்கள் என்று ஸ்டூடியோ முதலாளிகளிடம் கேட்டார். ‘பாடி அண்ட் சோல்’ (1947) படத்தில் மூளையில் ரத்தக்கட்டியோடு போராடும் குத்துச்சண்டை வீரனாக நடித்த கனடா லீ, நிஜத்திலும் முன்னாள் குத்துச்சண்டை வீரர். உரிமைக்காகப் பேசியதால் பட வாய்ப்புகள் வறண்டு, 1952இல் 45 வயதில் இறந்தார். அளவுகோல் அன்றைக்கே அவர்கள் கையில் இருந்தது.

அளக்கும்போது தலை எண்ணுவதால் பயன் குறைவு. அந்தப் பாத்திரத்துக்கு என்ன தெரியும், அதைப் படம் எவ்வளவு மதிக்கிறது என்று பாருங்கள். ‘தி கில்லிங்’ (1956) படத்தில் குதிரைப் பந்தய மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தை ஜேம்ஸ் எட்வர்ட்ஸ் காவல் காக்கிறார். கொள்ளைக் கும்பலுக்காகக் குதிரையைச் சுட வந்த நிக்கி, ஊனமுற்ற போர்வீரன்போல நடித்து உள்ளே வருகிறான். காவலாளிக்கும் கால் ஊனம். பாசத்தில் அதிர்ஷ்டத்துக்கென்று ஒரு குதிரை லாடம் கொண்டுவந்து கொடுக்கிறார். அவரை அங்கிருந்து விரட்டவேண்டிய அவசரத்தில் நிக்கி இனத்தைச் சொல்லி ஏசுகிறான். அவர் முகம் சுருங்கிப் போகிறார். சற்று நேரத்தில் தப்பியோடும் நிக்கியின் டயரில் அந்த லாடம் குத்துகிறது, அவன் சுடப்பட்டுச் சாகிறான். எண்ணிக்கையில் இது ஒரே ஒரு கறுப்பினப் பாத்திரம்.

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

குற்றப் படமே புதிது என்றால் ‘அவுட் ஆஃப் தி பாஸ்ட்’. கதை விறுவிறுப்பாகப் போகும். பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் காது கேளாத, பேசாத பையன்மேலும் ஒரு கண் வையுங்கள். அடுத்ததாக ‘ஆட்ஸ் அகெயின்ஸ்ட் டுமாரோ’, அப்புறம் ‘தி கிரிம்சன் கிமோனோ’. மைக்கேல் கர்டிஸின் ‘தி பிரேக்கிங் பாயிண்ட்’ (1950) படத்தில் படகுக் கூட்டாளியாக வரும் ஹுவானோ ஹெர்னான்டஸுக்காகவே அதைப் பார்க்கலாம். எழுந்து போய்விடாமல் கடைசி ஷாட் வரை உட்காருங்கள். சார்லி சான் தொடரைப் பொறுத்தவரை ஒன்றிரண்டு போதும், எல்லாம் ஏறக்குறைய ஒரே கதைதான்.